‘மனிதத் தவறு’: ஒரு சொற்றொடரும் அதன் பயனும்

ஆதிக்கம் பெற்றோரின் நலன்கள் தம் சொந்தப் பெயருடன் மக்கள் முன் வருவது அரிது. முன்னேற்றம், விஞ்ஞானம், பாதுகாப்பு, பொதுநன்மை என்னும் நற்பெயர்களைப் பூண்டே அவை வெளிப்படுகின்றன. விமர்சனம் கதையையும் கவிதையையும் ஆராய்வதோடு தன் கடமை முடிந்தது என்று அமைந்துவிடுமாயின், இலட்சக்கணக்கான மக்கள் நாள்தோறும் படிக்கும் விளம்பரங்களும் அறிக்கைகளும் ஆராய்வாரின்றிப் போய்விடும். சொற்கள் எங்கே கூடுதலான வேலை செய்கின்றனவோ, அங்கேயே விமர்சகனுக்கும் வேலை உண்டு. இக்கருத்துடன் ஒரு விளம்பரத்தையும் ஒரு விசாரணை அறிக்கையையும் இங்கே அருகருகே வைத்துப் படிக்க முயல்வோம். இரண்டும் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தவை. இரண்டும் சாரதியின்றித் தானே ஓடும் மோட்டார் வாகனத்தைப் பற்றியவை.

2023 யூலை மாதத்தில் ‘குரூஸ்’ என்னும் கம்பனி அமெரிக்காவின் பெரிய நாளிதழ்கள் சிலவற்றில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆதிக்கத்திலிருந்த அக்கம்பனி, சான் பிரான்சிஸ்கோ நகரில் சாரதியற்ற வாடகைக் கார்களை ஓட்டிவந்தது. மனிதர் மிக மோசமான சாரதிகள் என்பதே விளம்பரத்தின் தலைப்பு. வீதி விபத்துகளில் மாண்டோரின் தொகை அதன் கீழே தரப்பட்டிருந்தது. மனிதன் தவறுகின்றான், இயந்திரம் தவறுவதில்லை, ஆகவே வீதியை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே அறம் என்ற முடிபுக்கு வாசகன் தானாகவே வந்து சேரவேண்டும். விளம்பரத்தின் திறமை இவ்விடத்திலேதான் உள்ளது. கம்பனி தன்னைப் பற்றி அதிகம் பேசாது, மனிதகுலத்தின் குறையைப் பற்றியே பேசிற்று.

தொகை பொய்யன்று. 2022 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வீதிகளில் 42,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்துணை மரணங்களைக் கண்டு ஒரு சமுதாயம் வாளாவிருக்குமாயின் அது நோயுற்ற சமுதாயமே. ஆனால் மரணங்கள் உண்மை என்பதால் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணமும் உண்மையாகிவிடாது. விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறால் நேர்கின்றன என்னும் கூற்று பல ஆண்டுகளாக இத்துறையினரின் வாயில் ஒரு மந்திரம்போல் வழங்கிவந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2015 இல் வெளியிட்ட சிறு பிரசுரம் ஒன்றே இதன் மூலம். விபத்துக்கு முந்திய நிகழ்ச்சித் தொடரின் இறுதிக் கண்ணியையே அப்பிரசுரம் கணக்கிட்டது. அதனை விபத்தின் காரணமாகவோ, பழியைச் சுமத்தும் தீர்ப்பாகவோ கொள்ளலாகாது என்று அப்பிரசுரமே தெளிவாக எச்சரித்திருந்தது. கூற்று ஊரெங்கும் பரவியது. எச்சரிக்கை பிரசுரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் ஜெனிபர் ஹோமெண்டி 2022 இல் இக்கூற்றை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இறுதிக் கண்ணியை மட்டும் எண்ணுவதன் விளைவு யாது? அகலமாகவும் நேராகவும் அமைத்து வேகத்தைத் தூண்டும் வீதி, கடவையின்றி நெடுந்தூரம் செல்லும் பாதை, ஆண்டுக்காண்டு எடையும் உயரமும் கூடும் வாகனம், ஓய்வின்றி வேலை செய்த பின் வாகனம் செலுத்தும் தொழிலாளியின் களைப்பு ஆகிய யாவும் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. கடைசிக் கணத்தில் அங்கே நின்ற மனிதன் மட்டுமே எஞ்சுகிறான். ‘மனிதத் தவறு’ என்பதில் வரும் மனிதன் எப்பொழுதும் ஒரு சாரதி அல்லது ஒரு பாதசாரி. வீதியை வகுத்தவனும், வாகனத்தை வடிவமைத்தவனும், இலாபத்தைக் கணக்கிட்டவனும் மனிதர்தாம். எனினும் அவர்தம் தவறுகள் அச்சொற்றொடருக்குள் அடங்குவதில்லை.

இனி, விசாரணை அறிக்கையை நோக்குவோம்.

2018 மார்ச் 18 ஆம் நாள் இரவு பத்து மணியளவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவரை ஊபர் கம்பனியின் சோதனை வாகனம் மோதிக் கொன்றது. தானே ஓடும் வாகனத்தால் பாதசாரி ஒருவர் உயிரிழந்த முதல் நிகழ்ச்சி என்று இது பதிவாகியிருக்கிறது. இருளிலிருந்து அவர் திடீரெனத் தோன்றினார், எந்தச் சாரதியாலும் தவிர்த்திருக்க முடியாது என்ற பேச்சே முதல் நாட்களில் பரவியது. கம்பனியிடம் தவறு இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தை நகரப் பொலிஸ் தலைமை அதிகாரியும் வெளியிட்டார். இறந்தவர் வாய் திறக்க முடியாது. ஆகவே பழி முதலில் அவர்மீது விழுந்தது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019 நொவெம்பரில் தன் முடிபுகளை வெளியிட்டது. திடீரென்ற தோற்றம் என்ற கதை அதனால் தகர்ந்தது. மோதலுக்கு 5.6 செக்கன்களுக்கு முன்னரே வாகனத்தின் உணர்கருவிகள் அப்பெண்மணியைக் கண்டிருந்தன. கண்டும் அவர் யார் என்று இயந்திரத்தால் தீர்மானிக்க முடியவில்லை. வாகனம் என்று ஒரு கணம் கொண்டது. இன்னதென்று அறியாப் பொருள் என்று மறுகணம் கொண்டது. பின்னர் சைக்கிள் என்று கொண்டது. ஒவ்வொரு முறை பெயர் மாறிய பொழுதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தை மறந்து புதிதாகக் கணக்கிடத் தொடங்கியது. பாதசாரி என்று ஒருமுறைகூட அவரை அது இனங்காணவில்லை. காரணம் எளியது: பாதசாரிக் கடவைக்கு வெளியே மனிதர் வீதியைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதன் நிரலில் இடம்பெற்றிருக்கவில்லை.

அறிக்கையில் இன்னும் சில விபரங்கள் உள. மோதல் நெருங்கிவிட்டது என்று உணர்ந்த பின்னரும் ஒரு செக்கன் எதுவும் செய்யாதிருக்குமாறு வாகனம் அமைக்கப்பட்டிருந்தது. வீண் எச்சரிக்கைகளால் வாகனம் அடிக்கடி பிரேக் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வொல்வோ நிறுவனம் அவ்வாகனத்தில் பொருத்தி அனுப்பிய தன்னியக்க அவசரப் பிரேக், கணினி வாகனத்தைச் செலுத்தும் வேளைகளில் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. முன்னர் இத்தகைய வாகனம் ஒவ்வொன்றிலும் மேற்பார்வையாளர் இருவர் இருந்தனர். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர் கம்பனி அவர்களை ஒருவராகக் குறைத்திருந்தது. அன்றிரவு தனியே இருந்த மேற்பார்வையாளர் தம் கைத்தொலைபேசியில் நிகழ்ச்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே ஓடும் இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் கைகட்டி அமர்ந்திருக்கும் எவருடைய கவனமும் தளரும் என்பது இத்துறையறிந்தோர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் அதனைத் தடுக்கும் ஏற்பாடு போதியதாக இருக்கவில்லை.

இவ்வறிக்கையும் மேற்பார்வையாளரின் கவனக்குறைவையே விபத்தின் முதற்காரணமாக எழுதியது. எனினும் அது அங்கே நின்றுவிடவில்லை. கம்பனியின் பாதுகாப்புப் பண்பாடு குறைபாடுடையது என்றும், அரிசோனா மாநிலத்தின் மேற்பார்வை போதாதது என்றும் அது எடுத்துரைத்தது. கடவைக்கு வெளியே கடந்த பாதசாரியின் செய்கையையும் அது குறித்தது. காரணங்கள் பலவாக, பல மட்டங்களில் பரவிக் கிடந்தன. ஆனால் தண்டனை எங்கே சென்றது? கம்பனி குற்றவியற் பொறுப்புடையதன்று என்று வழக்குத் தொடுநர் 2019 மார்ச்சில் அறிவித்தார். மேற்பார்வையாளர்மீது 2020 இல் வழக்குத் தொடரப்பட்டது. 2023 இல் அவர் குற்றத்தை ஏற்று மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டார். கம்பனியோ 2020 டிசம்பரில் தன் தானியங்கி வாகனப் பிரிவை வேறொரு கம்பனிக்குக் கைமாற்றிவிட்டது. காரணங்கள் மேலிருந்து கீழ்வரை இருந்தன. பழியோ முற்றாகக் கீழே இறங்கிற்று.

கடவைக்கு வெளியே நடப்பவர் மனிதராக இயந்திரத்தின் கண்ணுக்குப் படவில்லை என்பதைத் தனியொரு தொழில்நுட்பக் குறையாகக் கருதிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. வர்ஜீனியாப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் பீற்றர் நோர்ட்டன் 2008 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகர வீதி நடப்போர், வியாபாரிகள், விளையாடும் பிள்ளைகள், வண்டிகள் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது. மோட்டார் வாகனம் பிள்ளைகளைக் கொன்றபொழுது மக்கள் வாகனத்தையே குற்றவாளியாகக் கண்டனர். 1920களில் மோட்டார்த் துறையினர் இந்நிலையை மாற்ற முனைந்தனர். வீதியில் தன் விருப்பப்படி நடப்பவனை நகர ஒழுங்கறியாத பட்டிக்காட்டான் என்று இழிக்கும் ‘ஜேவோக்கர்’ என்ற சொல்லை அவர்கள் எங்கும் பரப்பினர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது கற்பிக்கப்பட்டது. 1925 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நடப்போரைக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்றியது. பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின. வசைச்சொல் சட்டமாயிற்று. வீதி யாருடையது என்ற வழக்கில் நடப்பவன் தோற்றான்.

நூறு ஆண்டுகளின் பின் டெம்பி நகரில் ஓடிய இயந்திரம் இத்தோல்வியின் விளைவைத் தன் நிரலிற் சுமந்து வந்தது எனலாம். நிரலை எழுதியோர் கொடியோர் என்பது நம் வாதமன்று. தாம் பிறந்து வளர்ந்த சமுதாயத்தின் நோக்கை அவர்கள் இயல்பானதாகக் கொண்டனர்; இயந்திரத்துக்கும் அதையே கொடுத்தனர். இயந்திரம் பக்கச்சார்பற்றது என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மீண்டும் விளம்பரத்துக்கு வருவோம். அது வெளியாகிச் சில வாரங்களுள், 2023 ஓகஸ்ட் 10 அன்று, கலிபோர்ணியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு குரூஸ், வேமோ ஆகிய இரு கம்பனிகளும் சான் பிரான்சிஸ்கோவில் இரவு பகலாகக் கட்டணம் பெற்று ஓடலாம் என்று மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதித்தது. தீயணைப்பு வண்டிகளின் வழியை மறித்தல், அவசரப் பணி நடக்கும் இடங்களில் நுழைந்து நிற்றல் முதலியன பற்றி நகரத் தீயணைப்புப் படையின் தலைமை அதிகாரி முன்னரே முறையிட்டிருந்தார். பல மணித்தியாலங்கள் மக்கள் வரிசையில் நின்று கருத்துரைத்தனர். முறையீடுகள் பதிவாயின, அனுமதியும் வழங்கப்பட்டது.

இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், ஒக்டோபர் 2 ஆம் நாள் இரவு, மனிதர் ஓட்டிய கார் ஒன்று பாதசாரிப் பெண் ஒருவரை மோதி, குரூஸ் வாகனத்தின் பாதையில் எறிந்துவிட்டுத் தப்பியோடியது. குரூஸ் வாகனமும் அவர்மீது மோதி நின்றது. விபத்துக்குப் பின் வீதியோரமாக ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அதற்கிட்ட விதி. விதிப்படி அது மீண்டும் நகர்ந்தது. தன் கீழே ஒரு மனிதர் கிடக்கிறார் என்பதை அறியாமல் ஏறத்தாழ இருபது அடி தூரம் அவரை இழுத்துச் சென்றது.

பொதுமக்களின் நம்பிக்கையைத் தகர்த்தது அவ்விருபது அடி மட்டுமன்று. அடுத்த நாள் நடந்ததே பெரிது. அரசாங்க அதிகாரிகளுக்கு விபத்துப் படத்தைக் காட்டிய கம்பனியார், வாகனம் அப்பெண்ணை இழுத்துச் சென்றதை வாய்விட்டுச் சொல்லவில்லை. படமே பேசட்டும் என்று இருந்துவிட்டனர். படமோ இணைப்புக் கோளாற்றால் ஒழுங்காக ஓடவில்லை. கம்பனியே நியமித்த சட்டத்தரணிகளின் அறிக்கை 2024 சனவரியில் வெளியிட்ட செய்தி இது. மாநில மோட்டார் வாகனத் திணைக்களம் 2023 ஒக்டோபர் 24 அன்று அனுமதியை இடைநிறுத்தியது. விசாரணையைத் திசைதிருப்பும் வகையில் பொய்யறிக்கை கொடுத்ததைக் கம்பனி 2024 நொவெம்பரில் ஒப்புக்கொண்டு ஐந்து இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இசைந்தது. மறுமாதமே ஜெனரல் மோட்டோர்ஸ் அவ்வாடகைக் கார் முயற்சிக்குப் பணமிடுவதைக் கைவிட்டது.

மனிதர் மோசமான சாரதிகள் என்று முழுப்பக்கம் எழுதியோர், தம் இயந்திரம் செய்ததைச் சொல்ல ஒரு வாக்கியத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரு உரைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதால் நாம் பெறும் பயன் இதுவே.

பொதுமக்களின் ஐயத்தைப் பழமைவாதம் என்றும் அறியாமை என்றும் எள்ளி நகையாடுவோர் உளர். அமெரிக்க மோட்டார்ச் சங்கத்தின் கருத்துக் கணிப்பின்படி, தானே ஓடும் வாகனங்களை அஞ்சுவதாகச் சொன்னோர் 2022 இல் 55 சதவீதத்தினர். 2023 இல் 68 சதவீதத்தினர். அறியாமையே அச்சத்தின் காரணமாயின், வாகனங்கள் பெருகி மக்கள் அவற்றை அறிய அறிய அச்சம் குறைந்திருக்க வேண்டும். அவ்வாண்டு அது ஏறியது. சான் பிரான்சிஸ்கோவில் இளைஞர் சிலர் வீதிக் கூம்புகளை இவ்வாகனங்களின் முன்மூடிமேல் வைத்து அவற்றை நகரவொட்டாது செய்தனர். 2024 பெப்ரவரியில் சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது கூட்டமொன்று வேமோ வாகனம் ஒன்றுக்குத் தீயிட்டது. தீயிடுதலை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால் தம் வீதி தம்மைக் கேளாமலே பரிசோதனைக் களமாக்கப்பட்டது என்ற உணர்ச்சி அதனடியில் இருந்ததா என்று கேளாதிருப்பதும் நேர்மையாகாது.

எதிர்த் தரப்பின் வலிமையான வாதத்தையும் கூறியாக வேண்டும். வேமோ கம்பனி தன் ஆய்வாளர்கள் எழுதி 2025 இல் ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரையில், 5 கோடியே 67 இலட்சம் மைல் ஓட்டத்தைக் கணக்கிட்டு, காயம் விளைவித்த விபத்துகள் மனிதர் ஓட்டும் வாகனங்களிலும் கணிசமாகக் குறைவு என்று காட்டியுள்ளது. கம்பனியே தன்னை அளந்துகொண்டது என்பதற்காக இதனைப் புறக்கணித்தல் விஞ்ஞான நோக்காகாது. குடிவெறியும் உறக்கமும் அறியாத சாரதியால் உயிர்கள் காக்கப்படுமாயின் அதனை வரவேற்பதே முற்போக்காளர் கடன். இயந்திரம் மனித உழைப்பின் திரட்சி. அதனோடு நமக்குப் பகையில்லை.

நமது வினா வேறு. நம்பிக்கை என்பது ஓர் உள்ளத்துணர்ச்சி, விளம்பரத்தால் அதனை ஊட்டிவிடலாம் என்று கம்பனிகள் கருதுகின்றன. நம்பிக்கையோ ஒரு சமுதாய உறவு. வாடகைக் கார்ச் சாரதியை நாம் நம்புவது அவன் தவறவே மாட்டான் என்பதாலன்று. தவறினால் அவன் பெயர் உண்டு, அனுமதிப் பத்திரம் உண்டு, வழக்குமன்றம் உண்டு. 2025 செப்டெம்பரில் கலிபோர்ணியாவின் சான் புரூனோ நகரப் பொலிசார் விதிக்கு மாறாகத் திரும்பிய சாரதியற்ற கார் ஒன்றை நிறுத்தினர்; உள்ளே எவருமில்லாததால் தண்டச் சீட்டு எழுத வழியின்றி அனுப்பிவிட்டனர். இயந்திரம் நன்றாகத் திரும்புமா என்பதற்கு ஆய்வுகள் விடை தரலாம். தவறாகத் திரும்பினால் யார் பதில் சொல்வார் என்பதற்குச் சட்டமும் மக்கள் பலமுமே விடை தர வேண்டும்.

‘சாரதியற்ற’ என்ற அடைமொழியும் ஆராயத் தக்கதே. வாகனம் தடுமாறும் வேளையில் வழிகாட்டத் தொலைவிலுள்ள அறைகளில் திரைமுன் அமர்ந்திருக்கும் பணியாளர் உளர். வாகனத்தைக் கழுவுவோரும் மின்னேற்றுவோரும் உளர். உழைப்பு மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அதேவேளை, கண்ணுக்குத் தெரிந்த உழைப்பாளிக்குப் பாதுகாப்புக் கேட்டபொழுது நடந்ததையும் நோக்குக. பாரவண்டிகளில் பயிற்சிபெற்ற சாரதி ஒருவர் இருத்தல் வேண்டும் என்று ரீம்ஸ்ரர்ஸ் தொழிற்சங்கம் ஆதரித்த சட்டமூலத்தைக் கலிபோர்ணியச் சட்டசபை நிறைவேற்றிய பின்னரும், ஆளுநர் கவின் நியூசம் 2023 செப்டெம்பரில் அதனை மறுத்துவிட்டார். பாதுகாப்பு என்ற சொல் கம்பனியின் வாயிலிருந்து வந்தால் விஞ்ஞானமாகிறது. தொழிற்சங்கத்தின் வாயிலிருந்து வந்தால் சுயநலமாகிறது.

மாற்றுவழி இல்லாமலில்லை. பிரித்தானியாவில் 2024 இல் நிறைவேறிய தானியங்கு வாகனச் சட்டம், வாகனம் தானே ஓடும் வேளையில் அது ஓடும் விதத்துக்கான பொறுப்பை உள்ளே அமர்ந்திருப்பவரிடமிருந்து எடுத்து, அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனத்தின்மீது வைக்க வழிவகுத்தது. தானே ஓடாத வாகனத்தைத் தானே ஓடுவதுபோலக் காட்டும் விளம்பரச் சொற்களைத் தடைசெய்யவும் அது இடமளித்தது. கலிபோர்ணியாவிலும், சாரதியற்ற வாகனம் வீதிவிதியை மீறினால் கம்பனிக்கே அறிவித்தல் கொடுக்கப் பொலிசாரை அனுமதிக்கும் சட்டம், 2026 யூலையிலிருந்து நடைமுறைக்கு வரும் வகையில், 2024 இல் இயற்றப்பட்டது. கடவைக்கு வெளியே நடத்தலைப் பெரும்பாலும் தண்டனைக்குரியதல்லாததாக்கிய சட்டமும் அம்மாநிலத்தில் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு முன் வசைச்சொல்லால் இழந்த உரிமையின் ஒரு பகுதி, மக்கள் இயக்கங்கள் உழைத்ததால் மீண்டது. இவை முழுத் தீர்வுகளல்ல. ஆயினும் எத்திசையில் செல்லவேண்டும் என்பதைக் காட்டுகின்றன.

ஒரு விபத்தைப் பற்றிய செய்தி வரும்பொழுது, வாக்கியத்தின் எழுவாய் யார், செயப்படுபொருள் யார், யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஊட்டலாம். இலக்கணம் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த பயன் இருக்க முடியாது. ‘மனிதத் தவறு’ என்று எழுதப்பட்ட இடத்தில் எந்த மனிதன் என்று கேட்போம். நம்புங்கள் என்று கேட்கப்படும் இடத்தில், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்போம். அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை மக்கள் கொள்ளும் ஐயம் அறியாமையன்று. அது அவர்தம் பொது அறிவு.